ஜீவராணி இருந்த ஊர்

ஜீவராணி அக்கா அந்த ஊரில் ஆறு வருடம் இருந்தார் என்பதை நான் நம்பவில்லை. நம்பாததை முதலில் யாரிடமும் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் பொறாமையில் பேசுகிறாள் என்றிருப்பார்கள். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் எங்கள் டிவிசனிலிருந்து இத்தாலிக்குப் போய் வந்தவர் அவர் ஒருவர்தான்.

என் மகள் மதுஷாவின் பாஸ்போர்ட்டைச் சனிக்கிழமை அவர் கையில் கொடுப்பதாகப் பேச்சு. திங்கட்கிழமை அவர் கொழும்புக்குப் போய் அதை ஏஜென்சியில் சேர்ப்பார். பிறகு அந்த ஊரிலேயே மதுஷாவுக்கும் ஒரு வீட்டில் வேலை. ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்றார். ஒருவர் ஒரு வேலையைப் பற்றி ‘அவ்வளவுதான்’ என்றால் எனக்கு உடனே காது கூர்மையாகிவிடும். கொஸ்லந்தையிலிருந்து என் சித்தி மகளைத் தையல் வேலை என்று வெளிநாட்டுக்கு அழைத்துப் போனார்கள். போய் இறங்கிய பிறகுதான் அது வீட்டு வேலை என்று தெரிந்தது. அவள் திரும்பி வர மூன்று வருடமாயிற்று. வந்தவள் இன்றுவரை சத்தமாகச் சிரிப்பதில்லை.

ஜீவராணி அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஒன்பது வருடம் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்திருக்கிறோம். அந்த நாளில் இருபது கிலோ கொழுந்தைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறும்போதும் அவர் வாய் ஓயாது. எங்களுக்கு மூச்சு வாங்கும், அவருக்குப் பேச மூச்சு மிச்சமிருக்கும். புருஷன் மொனராகலைப் பக்கம் வேறொருத்தியோடு போய்விட்டான். பிள்ளை இல்லை. நாற்பது வயதில் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு போனவர், ஆறு வருடம் கழித்து இந்தத் தை மாதம் வந்து அண்ணன் வீட்டு முன் காம்பராவில் தங்கியிருந்தார்.

அவரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு தேத்தண்ணி கிடைக்கும், ஒரு புத்தகமும் கிடைக்கும். சாந்த வெரோலா என்ற அந்தக் கடற்கரை ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக அடித்த வழிகாட்டி. பளபளப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் கலர்ப் படம். டிவிக்குக் கீழே, பிளாஸ்டிக் பூவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். நானும் மதுஷாவும் போனபோது அதை மடியில் விரித்துக்கொண்டார்.

“இதுதான் கடற்கர. சாயங்காலம் எல்லாரும் இங்கதான் நடப்பாங்க.”

“நீங்களும் போவீங்களா பெரியம்மா?” மதுஷா கேட்டாள்.

“பின்ன? இங்க பாரு, இது மாதா கோயில். நம்ம முருகன் கோயில் கணக்கா உச்சியில இருக்கு. ஆகஸ்ட்டுல மாதாவப் படகுல வச்சு கடலுக்குள்ள கொண்டு போவாங்க.”

“சாமியத் தண்ணியிலயா? விழுந்துட்டா?”

“இத்தாலிச் சாமிடி. நீந்தத் தெரியும்.”

இருவரும் சிரித்தார்கள். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கம் புரட்டும் விரலைப் பார்த்தேன். பேச்சு புத்தகத்தின் வரிசையிலேயே போனது. முதலில் கடற்கரை, பிறகு கோயில், பிறகு மீன் சந்தை, பிறகு பழைய கோபுரம். படத்தில் இல்லாத ஒன்றையும் அவர் சொல்லவில்லை. ஆறு வருடம் ஓர் ஊரில் இருந்தவருக்கு அங்கே ஒரு சண்டைகூடவா இல்லை? கடைக்காரன் ஒருவன் முறைத்திருக்க மாட்டானா, ஒரு நாய் துரத்தியிருக்காதா? எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு மாதம் இருந்தவள்கூட எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று சொல்லுவாள்.

கோபுரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மதுஷா கேட்டாள். அக்கா அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “தோட்டம்” என்றார்.

மதுஷா புத்தகத்தை இரண்டு நாளைக்கு இரவல் கேட்டாள். கொடுக்கும்போது அக்காவின் கை கொஞ்சம் தயங்கியது. “கசக்கிறாத” என்று இரண்டு தடவை சொன்னார்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆங்கிலம் கூட்டிப் படிக்க வராது. ஆனால் எண் தெரியும், படம் பார்க்கத் தெரியும். மதுஷா பதுளையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணியவள், இங்கிலீஷ் பக்கத்தைத் தடவித் தடவி வாசித்துச் சொன்னாள். அந்த ஊருக்குள் வாகனம் வராது. மேலே ரோட்டோடு பஸ்ஸும் காரும் நின்றுவிடும். ரோட்டிலிருந்து கடற்கரைக்கு நானூற்றுப் பன்னிரண்டு படி. கடை, மருந்துக் கடை, கோயில் எல்லாம் அந்தப் படிகளை ஒட்டித்தான். சாமான்களைத் தோளிலோ தள்ளுவண்டியிலோதான் கொண்டுபோக வேண்டும்.

என் வீட்டுக்காரர் வீரசிங்கத்துக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. காலை நீட்டிக்கொண்டு கேட்டவர் சொன்னார்: “இது நம்ம தோட்டந்தான் புள்ள. கீழ கடல மட்டும் கொண்டாந்து வச்சிருக்கான்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு என்ற எண் மனதில் நின்றுவிட்டது.

புதன்கிழமை சாயங்காலம், மதுஷாவின் பிறப்புச் சான்றிதழ் நகல் கேட்டு ஜீவராணி அக்கா எங்கள் மேல் லயத்துக்கு வந்தார். கீழே பாதையிலிருந்து எங்கள் வாசலுக்கு நாற்பத்தாறு கல்படி. நான் தண்ணீர் விழும் பீலியடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பத்துப் படி ஏறினார், நின்றார். இன்னும் எட்டு ஏறி, மண் திட்டில் கையை ஊன்றிக்கொண்டார். மூன்றாவது தடவை நின்றபோது சேலையைத் தூக்கிப் பிடித்திருந்தார். கெண்டைக்கால் தெரிந்தது.

மலையில் வேலை செய்கிறவளின் கெண்டைக்கால் சதை உருண்டு கல்லுப்போல இருக்கும். வேலையை விட்டாலும் ஏற்ற இறக்கத்தில் நடக்கிறவரைக்கும் அது கரையாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் புதிதாக ஒருத்தி வந்து நின்றால் நாங்கள் முகத்தைப் பார்க்கமாட்டோம், காலைத்தான் பார்ப்போம். எத்தனை நாள் தாங்குவாள் என்று தெரிந்துவிடும். ஜீவராணி அக்காவின் கால் காசாளர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தே இருக்கிற பெண்ணின் காலைப்போலத் தொய்ந்து கிடந்தது.

நானூற்றுப் பன்னிரண்டு படியுள்ள ஊரில் ஆறு வருடம் இருந்த கால் அது இல்லை.

அவர் போன பிறகு வீட்டுக்காரரிடம் கேட்டேன். “ஏங்க, அவங்க காலப் பாத்தீங்களா?”

“நா எதுக்கு அவ காலப் பாக்கணும்? அப்புறம் நீதான் அகப்பயத் தூக்கிட்டு வருவ.”

“வெளையாடாதீங்க. அவங்க அந்த ஊருக்கே போகல. எங்கயோ இருந்துட்டு வந்து புத்தகத்தப் படிச்சுக் காட்டுறாங்க.”

அவர் காலை மடக்கிக்கொண்டார். “புள்ள பேரு குடுத்தாச்சு லெட்சுமி. சும்மா சந்தேகத்துல கெடுத்துறாத. அவகிட்டயே கேளு.”

கேட்பதுதான் எனக்கு வராத வேலை. வெளியாளிடம் ஒரு சொல் பேச நான் மூன்று சொல் யோசிப்பவள். ஆனால் வியாழன் வந்துவிட்டது. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, மதுஷா வேலையால் வருமுன் புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு தனியாகப் போனேன்.

அக்கா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். “வா லெட்சுமி. ஒக்காரு. ஒம்மக வரலயா?”

“கடைக்குப் போயிருக்கா.” நான் புத்தகத்தை எடுத்து மீன் சந்தைப் படத்தை விரித்தேன். “அக்கா, இங்கருந்து கோயிலுக்கு எப்படிப் போறது?”

அவர் எட்டிப் பார்த்தார். “நேராப் போக வேண்டியதுதான்.”

“நேரா சுவரு இருக்குக்கா.”

சுளகில் கை நின்றது. “அப்ப அந்தச் சுவரச் சுத்தி.”

“சோத்தாங்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா?”

“இது என்னடி, போலிஸ்காரி மாதிரி கேக்குற?”

எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. மதுஷாவின் பாஸ்போர்ட்டை நினைத்துக்கொண்டேன். “நீங்க அந்த ஊர்ல இருக்கல அக்கா. நாப்பத்தாறு படி ஏற மூணு தடவ நின்னீங்க. நா பாத்தேன்.”

அக்கா முதலில் சிரித்தார். பிறகு சுளகைக் கீழே வைத்தார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கி, பின் அட்டைக்கு முந்தின பக்கத்தைத் திருப்பினார். மேலே எங்கிருந்தோ எடுத்த படம். கடலை நோக்கி இறங்கும் வீட்டுக் கூரைகள், எல்லாம் செங்கல் நிற ஓடு. ஒரு கூரையின்மேல் பேனையால் புள்ளி வைத்திருந்தது. நான் அதைத் தாளில் விழுந்த அழுக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

“இந்த ஓட்டுக்குக் கீழதான் இருந்தேன். ஆறு வருஷம்.”

நான் அந்தப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

“போன அன்னைக்கி மேல ரோட்டுல கார்ல எறக்குனாங்க. மட்டத்துலயே எட்டு வீடு தாண்டி ஒம்பதாவது வீடு. வந்த அன்னைக்கி அதே எட்டு வீடு தாண்டி கார்ல ஏறுனேன். அதுக்கு நடுவுல குப்ப போட வாசலுக்கு வருவேன். செவ்வாக்கிழம கடுதாசிக் குப்ப, வெள்ளிக்கிழம போத்தல். அந்தப் படியில கால் வச்சதில்ல.”

“ஏன்?”

“கெழவிய விட்டுட்டு எங்க போக? தொண்ணூத்தொரு வயசு, நல்ல கனம். பத்து நிமிஷம் நா கண்ணுல படாட்டி கத்தி ஊரக் கூட்டும். வியாழக்கிழம பின்னேரம் லீவுன்னு கடுதாசியில எழுதியிருக்கு. மொத வியாழக்கிழம செருப்பப் போட்டேன். அது அழுத அழுகையில கழட்டுனேன். அப்புறம் போடவே இல்ல.”

“அப்ப இந்தப் புத்தகம்?”

“தபால் பொட்டியில போட்டுட்டுப் போனான். கெழவி தூங்குறப்ப பாப்பேன். நம்ம இருக்குற ஊரு எப்படி இருக்குன்னு பாக்க வேணாமா?” சட்டென்று குரல் மாறியது. “என்னயச் சொல்றியே, நீ துன்ஹிந்த அருவி பாத்திருக்கியா? வெள்ளக்காரன் பிளேன் ஏறி வந்து பாக்குறான். நீ பதுளையிலருந்து ஒரு பஸ் ஏறணும்.”

நான் பார்த்ததில்லை. அவர் சொல்லும்வரை பார்க்காததை நினைத்ததும் இல்லை. நாற்பத்தொரு வயதாகிறது.

வெட்கத்தில் எழுந்து வந்திருப்பேன். ஆனால் வாசலில் காலை வைத்தபோது இன்னொன்று உறைத்தது. ஊர் உண்மை, வீடு உண்மை, கிழவி உண்மை. அப்படியானால் எந்த வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ள என் மகள் போகிறாள்?

“அக்கா, மதுஷாவுக்குப் பாத்திருக்குறது எந்த வீடு?”

அவர் அரிசியில் கல் தேட ஆரம்பித்தார். வெகுநேரம் தேடினார்.

“அந்த வீடுதானே?”

“கெழவி மக சொல்லிட்டா. ஒனக்குப் பதிலா ஒரு ஆளக் காட்டிட்டு நின்னுக்க, இல்லாட்டி நீயே வந்துருன்னா. பேசாம நின்னுறலாம், யாரும் வந்து தூக்கிட்டுப் போகப் போறதில்ல. ஆனா அது என் கையாலதான் திங்கும் லெட்சுமி. அப்படியே விட்டா செத்துரும். ஒம்புள்ள பொறுமசாலி. அதான் கேட்டேன்.”

“எம்புள்ளய அடைச்சு வைக்கக் கேட்டீங்களா?”

“எனக்கு முடியலடி,” என்றார். பிறகு மெதுவாக, “இத லயத்துல சொல்லிறாத. நா கடற்கரையில நடந்தேன்னே இருக்கட்டும்.”

அன்று சாயங்காலம் மதுஷா கடைச் சட்டையை அயர்ன் பண்ணும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அவளிடம் மறைத்தால் நான் என்ன நியாயம் கேட்பது? அவள் கோபப்படுவாள், பாஸ்போர்ட்டைக் கொடுக்கமாட்டேன் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அயர்னை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்:

“அந்த வீட்டு ஜன்னல்ல கடல் தெரியுமாம்மா?”

“நா கேக்கல.”

“கடையில எனக்கு எதிர்க்கடை ஷட்டர்தான் தெரியுது. காலையில எட்டு மணியிலருந்து நிக்கிறேன். ஒக்கார ஒரு ஸ்டூல் கேட்டா, பாப்போம்ங்கிறாரு மொதலாளி. ரெண்டு வருஷமா பாக்குறாரு.” சட்டையைத் திருப்பிப் போட்டாள். “வியாழக்கிழம லீவக் கண்டிப்பாத் தந்தா நா போவேன். பெரியம்மாவுக்குக் கேக்கத் தெரியல. நா கேப்பேன்.”

அவளுக்கு இருபத்தொரு வயது. கதவு உள்ளேயிருந்து பூட்டப்படுமா வெளியேயிருந்து பூட்டப்படுமா என்று அந்த வயதில் யோசிக்கத் தோன்றாது. எனக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு அக்கா வந்தார். படியில் எத்தனை தடவை நின்றார் என்று நான் எண்ணவில்லை. மதுஷா பாஸ்போர்ட்டை மேசையில் வைத்தாள், ஆனால் அதன்மேல் இருந்து கையை எடுக்கவில்லை.

“பெரியம்மா, அந்த வீட்டுக்காரங்களுக்கு இப்ப கோல் எடுங்க. வியாழக்கிழம பின்னேரம் நா வெளிய போகணும். அந்த நேரத்துக்கு அவங்க வேற ஆள் வைக்கணும். எங்க முன்னாலயே கேளுங்க.”

அக்கா என்னைப் பார்த்தார். சொல்லிவிட்டாயா என்ற பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் போனை எடுத்தார்.

வீடியோவில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண் வந்தாள், கிழவியின் மகள். அங்கே பகல் சாப்பாட்டு நேரம். கையில் ஒரு கிண்ணம் இருந்தது, முகம் களைத்திருந்தது. அவளுக்குப் பக்கத்தில், நாற்காலியில், கழுத்தில் துண்டு கட்டியபடி அந்தக் கிழவி. வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். தாடையில் ஏதோ வழிந்து காய்ந்திருந்தது.

அக்கா பேசத் தொடங்கினார். அந்தப் பாஷையை அவர் பேசி நான் கேட்டது அப்போதுதான். தட்டுத் தடங்கல் இல்லை. மலையில் இருபது கிலோவோடு பேசியபடி ஏறும்போது எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேசினார். குரல் கேட்டதும் கிழவியின் கண் போனைத் தேடியது. தேடிக் கண்டுபிடித்ததும் இரண்டு கையையும் நீட்டினாள். அக்கா அவளிடம் ஏதோ சொன்னார், செல்லமாக, கொஞ்சம் அதட்டலாக. கிழவி வாயைத் திறந்தாள். மகள் அவசரமாகக் கரண்டியை உள்ளே வைத்தாள். அக்கா மறுபடி சொன்னார், மறுபடி திறந்தாள். எங்கள் வீட்டு மேசையில், பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில், அந்தக் கிண்ணம் முழுவதும் காலியானது. வீரசிங்கம் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் அக்கா கிழவியின் மகளிடம் லீவைப் பற்றிக் கேட்டார். அவள் தோளைக் குலுக்கி, நீளமாக ஒன்று சொன்னாள். சிரித்தபடிதான் சொன்னாள்.

நான் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்ன சொன்னாலும் அதைச் சரிபார்க்க எங்களுக்கு வழியில்லை. ‘சரி என்கிறார்கள்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். மதுஷா கையை எடுத்துவிடுவாள். அக்கா தன் அண்ணன் வீட்டு முன் காம்பராவிலேயே இருந்துவிடலாம். அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். சொல்லப் போகிறார், பொய் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

“என்ன சொல்றாங்க பெரியம்மா?”

“வந்தப்புறம் பாக்கலாமாம்.”

மதுஷா பாஸ்போர்ட்டை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். “பாக்கலாங்கிறத நா பதுளையிலயே கேட்டுக்கிறேன் பெரியம்மா.”

அக்கா தலையை ஆட்டினார். போனில் கிழவி இன்னும் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அக்கா அவளிடம் சுருக்கமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு போனை அணைத்தார். நான் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியை முழுவதும் குடித்துவிட்டுத்தான் போனார். என்மேல் கோபம் இருந்ததா என்று தெரியவில்லை. இருந்திருக்கலாம். இறங்கும்போது அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போக நான் எழுந்தேன், வேண்டாம் என்றுவிட்டார்.

திங்கட்கிழமை அவர் கொழும்புக்குப் போனது, தான் திரும்பிப் போகும் டிக்கெட்டை உறுதி செய்ய. அதற்கு அடுத்த வாரம், நாங்கள் ரோட்டுக்கு மேலே உள்ள மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது பதுளை பஸ் வந்தது. கீழே அண்ணன் பெட்டியை ஏற்றிவிட்டார். அக்கா மேலே பார்க்கவில்லை.

பக்கத்து நிரையில் நின்ற கலாராணி கூடையை இடுப்பில் நகர்த்திக்கொண்டு சொன்னாள்: “போறா பாரு மகாராணி. ஒம்புள்ளய நல்லாத் தப்ப வச்ச லெட்சுமிக்கா. அவ இத்தாலியும் போகல, ஒண்ணும் போகல. எங்க கெடந்தாளோ. அந்தப் புத்தகத்துல படிச்சதத்தான் ஒப்பிச்சான்னு எல்லாருக்கும் தெரியும்.”

மூன்று நிரை தள்ளி நின்றவர்களும் காதைக் கொடுத்தார்கள். அப்படி எல்லோரும் என் பக்கம் திரும்பினால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும்.

“அவங்க அந்த ஊர்லதான் இருந்தாங்க,” என்றேன்.

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும்.”

“கடற்கரையில நடந்தாளாமே, அதுவுமா?”

“நடந்தாங்க.”

கலாராணி என் முகத்தை உற்றுப் பார்த்தாள். நம்பவில்லை. அக்கா எனக்கு ஏதோ கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்திருப்பாள். நான் அடுத்த செடிக்கு நகர்ந்தேன்.